பாய்லரை மாற்றுவதும் இடம் மாற்றுவதும்: செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்பி வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் பழசாகிவிட்டது, புதுசு போட வேண்டும். கூடவே, சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் அதை வேறு எங்காவது நகர்த்திவிடலாமே என்ற எண்ணமும் வருகிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. விலையும் விதியும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் தொகை எதுவும் சொல்லவில்லை. தொகை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பாய்லரின் விலையைவிட மாட்டும் செலவு அதிகமாக இருக்கிறதே, ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. இடம் மாற்றும் வேலையில் பாய்லர் என்ற பெட்டியின் விலை சின்னப் பங்குதான். பணம் போவது அதைச் சுற்றியுள்ள இணைப்புகளுக்கு. ஒரு பாய்லருக்கு என்னென்ன வந்து சேர வேண்டும் என்று பாருங்கள்: கேஸ் குழாய், ரேடியேட்டர்களுக்குச் சூடான தண்ணீர் போகும் குழாய், ஆறிய தண்ணீர் திரும்பி வரும் குழாய், தொட்டி இல்லாமல், குழாயைத் திறந்ததும் வெந்நீர் தரும் காம்பி வகையானால் குளிர்நீர் உள்ளே வரவும் வெந்நீர் வெளியே போகவும் இரண்டு குழாய்கள், கழிவுநீர் வடிகுழாய், அழுத்தம் மீறினால் திறக்கும் பாதுகாப்பு வால்வின் வெளியேற்றக் குழாய், மின் இணைப்பு, தெர்மோஸ்டாட் வயர், இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைக்குழாய்.

பழைய இடத்திலேயே மாட்டினால் இவற்றில் முக்கால்வாசி ஏற்கெனவே அங்கே இருக்கும். கொஞ்சம் வெட்டி ஒட்டினால் போதும். நகர்த்தினால் ஒவ்வொன்றையும் நீட்ட வேண்டும். தரைப்பலகையைத் தூக்க வேண்டும், சுவரைத் துளைக்க வேண்டும், பழைய ஓட்டையை அடைத்துப் பூச வேண்டும். அதனால் “எந்த பாய்லர் வாங்கலாம்” என்பது இரண்டாவது கேள்விதான். “எங்கே மாட்டலாம், குழாய் எந்த வழியாகப் போகும்” என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதை முடிவு செய்துவிட்டால் செலவில் பெரும்பகுதி முடிவாகிவிடும்.

எந்த இடமாற்றம் மலிவாக முடியும், எது கையைக் கடிக்கும்?

அதே சுவரில் ஓரிரு மீட்டர் தள்ளி வைப்பது, அல்லது அதே சுவரின் மறுபக்க அறைக்குக் கொண்டுபோவது மலிவு. குழாய்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். வெளிச்சுவர் இல்லாத உள்ளறைக்கோ, வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கோ கொண்டுபோனால் செலவு ஏறும். கான்கிரீட் தரையும் இருந்துவிட்டால் குழாயைப் புதைக்க வழியில்லாமல் சுவரோரமாகவோ கூரைக்குள்ளோ சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

மீட்டர் கணக்கைவிட, நடுவில் எத்தனை சுவர், எந்தத் தரை, வடிகால் எந்தப் பக்கம் என்பதைப் பார்ப்பதுதான் சரியான வழி. வெளிச்சுவர், பக்கத்தில் ஒரு வடிகால், கேஸ் மீட்டரிலிருந்து நேரான பாதை. இந்த மூன்றும் அமைந்த இடம் தூரமாக இருந்தாலும் தாராளமாகப் பரிசீலிக்கலாம்.

கழிவுநீர் வடிகுழாய்க்கு இவ்வளவு முக்கியத்துவமா? அது சின்ன பிளாஸ்டிக் குழாய்தானே?

சின்னக் குழாய்தான். ஆனால் இடம் மாற்றும் திட்டத்தைக் கவிழ்ப்பதும் பல நேரங்களில் அதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்றைய பாய்லர்கள் புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து, அதிலுள்ள வெப்பத்தையும் பிடித்துக்கொள்கின்றன. அப்போது ஆவி தண்ணீராகிச் சொட்டும். குளிர்காலத்தில் முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்கூட வரும். இந்தத் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது. பிஹெச் 3 முதல் 5 வரை இருக்கும். செம்புக் குழாயை அரித்துவிடும், நாளடைவில் கான்கிரீட்டையும் தின்னும். அதனால் பிளாஸ்டிக் குழாயில்தான் விட வேண்டும். குழாய்க்கு மீட்டருக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் சரிவும் வேண்டும். அறையின் நடுவில் பாய்லரை வைத்து 6 மீட்டர் தள்ளி வடிகால் என்றால், அந்த முனையில் குழாய் 30 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்க வேண்டும். நடுவில் ஒரு கதவு வந்தால்? அங்கேதான் திட்டம் முட்டிக்கொண்டு நிற்கும்.

சரிவு கிடைக்காத இடத்தில் ஒரு சின்ன பம்ப் வைத்து மேலே ஏற்றி வெளியேற்றலாம். ஆனால் அந்த பம்ப் நின்றால் பாய்லரும் நிற்கும். சத்தமும் போடும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டியிருக்கும். வேறு வழி இருந்தால் பம்பைத் தவிர்ப்பதே நல்லது.

வெளிச்சுவரில் நீளமாக ஓடும் வடிகுழாய் கடுங்குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பாய்லர் தானாக அணைந்துவிடும், அதுவும் வீடு சூடாக வேண்டிய அந்த நாளிலேயே. முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் உள்வடிகாலில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியே போயே தீர வேண்டுமானால் பெரிய விட்டத்துக் குழாய் போட்டு, காப்புறை சுற்றி, தூரத்தைக் குறைக்க வேண்டும். இதற்கான கூடுதல் செலவு அற்பம்.

கேஸ் குழாயையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பழைய குழாய் நன்றாகத்தானே இருக்கிறது?

குழாய் கெட்டுப்போனதால் அப்படிச் சொல்வதில்லை. புதிய பாய்லர் கேட்கும் அளவு கேஸ் அந்தக் குழாய் வழியாக வந்து சேராது என்பதால்தான். வெந்நீர்த் தொட்டியோடு வேலை செய்த பழைய பாய்லர் 15 கிலோவாட் அளவில் இருந்திருக்கலாம். தொட்டியை எடுத்துவிட்டு காம்பி போட்டால் அது வெந்நீருக்காக 30 கிலோவாட் வரை எரிக்கும். அதாவது இரண்டு மடங்கு கேஸ். ஓட்டம் இரண்டு மடங்கானால் குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அதோடு நீங்கள் பாய்லரைத் தூரமாகவும் கொண்டுபோகிறீர்கள்.

கணக்கிடும்போது குழாயின் நீளத்தோடு வளைவுகளையும் சேர்ப்பார்கள். வீட்டுக் குழாய் அளவுகளில் ஒவ்வொரு எல்போவும் சுமார் அரை மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம். பத்து எல்போ போட்டால் ஐந்து மீட்டர் கூடிவிட்டது என்று அர்த்தம். வருபவர் இதையெல்லாம் அளந்து பார்த்துத்தான் குழாயின் விட்டத்தைச் சொல்ல வேண்டும். மீட்டர் இருக்கும் இடத்தையே பார்க்காமல் கொட்டேஷன் கொடுத்தால், வேலை நடக்கும் அன்று “இதற்குத் தனி” என்ற பேச்சு வரும். முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புகைக்குழாயை எங்கே வேண்டுமானாலும் வெளியே விடலாமா?

முடியாது. ஜன்னல், கதவு, காற்றோட்டத் துளை, கூரை விளிம்பு, பக்கத்து வீட்டு எல்லை ஒவ்வொன்றிலிருந்தும் இவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி இருக்கும். அந்த அளவுகளை உங்கள் ஊர் விதியிலும் பாய்லரின் நிறுவல் கையேட்டிலும்தான் பார்க்க வேண்டும். கையேட்டில் இன்னொன்றும் இருக்கும்: புகைக்குழாயின் அதிகபட்ச நீளம். பல மாடல்களில் ஒரு 90 டிகிரி வளைவு அந்த நீளத்தில் சுமார் ஒரு மீட்டரைச் சாப்பிட்டுவிடும். நேராகச் சுவரைத் துளைத்து வெளியேறும் குழாய் மலிவு. மேலே ஏறி, வளைந்து, கூரையைத் துளைத்து வெளியேறுவது பல மடங்கு. சாரம் கட்ட வேண்டியிருந்தால் அதற்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

குளிர் நாளில் புகைக்குழாய் முனையிலிருந்து வெள்ளை ஆவி கொட்டிக்கொண்டே இருக்கும். ஆபத்தில்லை, ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராகப் போனால் வருடக்கணக்கில் மனஸ்தாபம். துளை போடுவதற்கு முன்பே அந்தக் கோணத்திலிருந்தும் நின்று பாருங்கள்.

பழைய புகைக்குழாயில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்கிறார்கள். உண்மையா?

மிகப் பழைய நிறுவலில் இருக்கலாம். புகைக்குழாய், இணைப்புக் கயிறு, பாய்லருக்குப் பின்னால் உள்ள தகடு ஆகியவற்றில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் உடைக்கவோ அறுக்கவோ கூடாது. பரிசோதித்து, அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை வைத்து எடுக்க வேண்டும். செலவு கூடும்தான், ஆனால் இதில் பேரம் பேசக் கூடாது.

கூரைக்குக் கீழுள்ள பரணுக்குக் கொண்டுபோனால் வீட்டில் இடம் மிச்சமாகுமே?

மிச்சமாகும். பலர் விரும்புவதும் அதைத்தான். ஆனால் கொட்டேஷனில் வராத செலவுகள் அங்கே காத்திருக்கும். சுவரில் மாட்டும் பாய்லர் பொதுவாக 30 முதல் 40 கிலோ எடை இருக்கும். அதைத் தாங்கும் உறுதியான சுவரோ சட்டமோ வேண்டும். பழுது பார்க்க வருபவர் பத்திரமாக ஏறி நிற்க நிலையான ஏணி, பலகைத் தரை, விளக்கு எல்லாம் வேண்டும். இவை இல்லாவிட்டால் சர்வீஸ் செய்ய மறுத்துவிடுவார்கள்.

பரணில் குளிர் அதிகம். பாய்லருக்குள் உறைதடுப்பு இருக்கும், ஆனால் அது பாய்லரைத்தான் காக்கும், பரணில் ஓடும் குழாய்களை அல்ல. அவற்றுக்கெல்லாம் காப்புறை போட வேண்டும். அழுத்தமானியைப் பார்ப்பதற்கே ஏணி ஏற வேண்டும் என்பதையும் யோசியுங்கள். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் பரணைச் சொல்லவே மாட்டேன். ஒரு அலமாரியின் இடத்துக்காக வருடம் முழுக்க இந்தத் தொல்லை வேண்டாம்.

இடம் மாற்றினால் வெந்நீர் வர நேரமாகுமா?

ஆகும். இதைக் கேட்பவர்கள் குறைவு. பாய்லருக்கும் குழாய்முனைக்கும் நடுவில் ஆறிக் கிடக்கும் தண்ணீர் வெளியேறிய பிறகுதான் வெந்நீர் வரும். வெளி விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள செம்புக் குழாயில் மீட்டருக்குச் சுமார் 0.145 லிட்டர் நிற்கும். 22 மில்லிமீட்டர் குழாயில் 0.32 லிட்டர். சமையலறையில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பாய்லரைப் பத்து மீட்டர் தள்ளிவிட்டால், ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் முதல் வகையில் ஒன்றரை லிட்டர், இரண்டாவது வகையில் மூன்று லிட்டருக்கு மேல் வீணாகும். குழாய் சூடாக எடுக்கும் நேரம் வேறு. குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவாக உள்ள இடம் கிடைத்தால் அதுவே நல்ல இடம். வெந்நீர்க் குழாயைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட விடாதீர்கள்.

எத்தனை கிலோவாட் வாங்க வேண்டும்? பெரிதாக வாங்கினால் பாதுகாப்புதானே?

இல்லை. காம்பியில் எழுதியிருக்கும் பெரிய எண் வெந்நீருக்கானது. தண்ணீரை 35 டிகிரி சூடேற்ற வேண்டுமானால் 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தரும். 30 கிலோவாட் சுமார் 12 லிட்டர். ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் ஓட வேண்டுமா என்பதை வைத்து இதை முடிவு செய்யுங்கள். இரண்டு ஷவர் என்றால் வெந்நீர்த் தொட்டியை வைத்துக்கொள்வதே சரி என்ற முடிவுக்கும் வரலாம். இடத்தை மிச்சப்படுத்தும் அவசரத்தில் தொட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

வீட்டைச் சூடாக்கத் தேவைப்படுவது பெரும்பாலும் இதைவிட மிகக் குறைவு. தேவைக்கு மேல் பெரிய பாய்லர் அடிக்கடி எரிந்து அணைந்துகொண்டிருக்கும். எரிபொருளும் வீண், உதிரிபாகமும் சீக்கிரம் தேயும். எனவே குறைந்தபட்சத் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். 30-லிருந்து 3 கிலோவாட் வரை இறங்கி எரியக்கூடியது, 8 வரைதான் இறங்குவதைவிட நல்லது. அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடாமல் “பழசு இவ்வளவு, அதனால் புதுசும் இவ்வளவு” என்று சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

பாய்லர் நல்ல நிலையில்தான் இருக்கிறது. அதையே கழற்றி வேறு இடத்தில் மாட்டலாமா?

நாலைந்து வயதுக்குள் இருந்தால் மாட்டலாம். அதற்கு முன் இரண்டைப் பாருங்கள்: இடம் மாற்றினால் உத்தரவாதம் தொடருமா, அந்த மாடலுக்கான புகைக்குழாய்த் துண்டுகள் இன்னும் கிடைக்கின்றனவா. பொதுவாக ஒரு பாய்லரின் ஆயுள் 10 முதல் 15 வருடம். பத்தைத் தாண்டியதை நகர்த்த இவ்வளவு கூலி கொடுத்துவிட்டு, இரண்டு வருடத்தில் மறுபடி சுவரைத் தொட வேண்டியதில்லை. அப்போதே புதுசு போட்டுவிடுங்கள்.

புதுசு போட்டால் எரிபொருள் எவ்வளவு மிச்சம்?

பழைய பாய்லரின் செயல்திறன் 70 சதவீதம், புதியது 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே வெப்பத்துக்கு முன்பு 100 அலகு கேஸ் எரித்த இடத்தில் இப்போது 78 போதும். அதாவது 22 சதவீதம் மிச்சம். பழையதே 85 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தால் மிச்சம் 6 சதவீதத்துக்குள்தான்.

ஆனால் அந்த 90 தானாக வந்துவிடாது. இயற்கை எரிவாயுவின் புகையில் உள்ள ஆவி சுமார் 55 டிகிரிக்குக் கீழேதான் தண்ணீராக மாறத் தொடங்கும். ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் ஆதாயம். பாய்லரை 75, 80 டிகிரியில் வைத்துவிட்டு மறந்துபோனால் கொடுத்த காசுக்கு முழுப் பலன் வராது. ரேடியேட்டர் வெப்பத்தை 60 டிகிரிக்கு, வீடு தாங்கினால் இன்னும் கீழே, இறக்கச் சொல்லுங்கள். வெளிக்குளிருக்கு ஏற்பத் தானே கூட்டிக் குறைக்கும் சென்சாரும் பொருத்தலாம். வெந்நீர்த் தொட்டி இருந்தால் மட்டும் அதை 60 டிகிரி வரை சூடாக்கியாக வேண்டும், கிருமி வளராமல் இருக்க.

இன்னொன்று. இந்த மிச்சமெல்லாம் புதுசு போடுவதால் வருவது. இடம் மாற்றுவதால் எரிபொருளில் ஒரு பைசாவும் திரும்பி வராது. அது முழுக்க முழுக்க இடத்துக்கும் வசதிக்கும் கொடுக்கும் விலை. இரண்டு செலவையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டால், அந்த இடம் அந்தத் தொகைக்குப் பெறுமானதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

குழாய்களைக் கழுவ வேண்டும், காந்த ஃபில்டர் போட வேண்டும் என்கிறார்கள். தள்ளிப்போடலாமா?

கூடாது. பழைய ரேடியேட்டரில் கொஞ்சம் தண்ணீர் திறந்து பாருங்கள், மை மாதிரி கருப்பாக வரும். அது இரும்பு அரித்து வந்த துகள். புதிய பாய்லரின் வெப்பமாற்றியில் உள்ள மெல்லிய வழிகளை அது அடைத்துவிடும், பம்பையும் தேய்த்துவிடும். கழுவாமல் போட்டதற்காக உத்தரவாதத்தை மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. கழுவியபின் துருத்தடுப்பு மருந்தும் ஊற்ற வேண்டும். பிறகு உருவாகும் இரும்புத் துகளைப் பிடித்து வைப்பது காந்த ஃபில்டர்.

மேலே திறந்த தொட்டியோடு இயங்கிய பழைய அமைப்பை மூடிய அமைப்பாக மாற்றும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் அழுத்தம் வைப்பார்கள். அதுவரை சும்மா கிடந்த வால்வுகளும் இணைப்புகளும் அப்போது கசியத் தொடங்கலாம். இரண்டு மூன்று ரேடியேட்டர் வால்வு மாற்றும் செலவைக் கையில் வைத்திருங்கள்.

இவ்வளவு செலவு செய்வதற்கு வெப்ப பம்புக்கே மாறிவிடலாமா?

யோசிக்க வேண்டிய கேள்விதான். எல்லாக் குழாயையும் பெயர்க்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்கச் சரியான நேரமும் இதுதான். வெளியே உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் கொண்டுவரும் வெப்ப பம்ப், ஒரு அலகு மின்சாரத்துக்குச் சுமார் மூன்று அலகு வெப்பம் தரும். ஆனால் தண்ணீரைக் குறைந்த சூட்டில்தான் லாபகரமாக அனுப்பும். உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று காசில்லாமல் சோதித்துப் பார்க்கலாம்: நல்ல குளிர் வாரத்தில் இப்போதுள்ள பாய்லரை 50 டிகிரியில் வைத்து ஓட்டுங்கள். வீடு சூடாகவே இருந்தால் ரேடியேட்டர்கள் போதும். எந்த அறை குளிர்கிறதோ அங்கே மட்டும் பெரிய ரேடியேட்டர் தேவை.

எப்போது செய்யலாம், எத்தனை நாள் ஆகும்?

அதே இடத்தில் என்றால் பெரும்பாலும் ஒரு நாள். இடம் மாற்றினால் இரண்டு மூன்று நாள், பூச்சு வேலை தனி. கோடையில் செய்யுங்கள்: ஆட்களும் கிடைப்பார்கள், குளிரிலும் நடுங்க வேண்டாம். தரையோ சமையலறையோ எப்படியும் பெயர்க்கப் போகிறீர்கள் என்றால் இதையும் அதோடு சேர்த்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

எங்கே மிச்சம் பிடிக்கவே கூடாது?

ஆளில். கேஸ் வேலைக்கு உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும், உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். தவறாக எரியும் பாய்லரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். அதற்கான அலாரம் ஒன்றைக் கட்டாயம் வாங்கி மாட்டுங்கள். சிலிண்டர் கேஸில் ஓடும் பாய்லரைத் தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறைக்குக் கொண்டுபோக நினைக்காதீர்கள். அந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேயே தேங்கி நிற்கும்.

வேலை முடிந்த அன்று நான் என்ன பார்க்க வேண்டும்?

வேலை செய்தவர் கிளம்புவதற்கு முன் ஹீட்டிங்கையும் வெந்நீரையும் போட்டு, எல்லா ரேடியேட்டரும் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். கேஸ் அழுத்தத்தையும் புகையையும் கருவி வைத்து அளந்து, அந்த எண்களைப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். உத்தரவாதத்தைப் பதிவு செய்தாரா, உள்ளூர் விதிப்படி தர வேண்டிய சான்றிதழ் எப்போது வரும் என்று கேளுங்கள். பழைய பாய்லர் இருந்த இடத்தில் விட்டுப்போன கேஸ் குழாய் முறையாக மூடப்பட்டிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அழுத்தமானியின் அளவைக் குறித்து வைத்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ கசிந்துகொண்டிருக்கலாம். தரைப்பலகையை ஆணி அடித்து மூடுவதற்குள் கூப்பிடுங்கள்.